நானே வெட்டச் சொன்ன பெயர்

கரமனை, திருவனந்தபுரம்
நவம்பர் 12

அன்புள்ள ஷாலு மக்களுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே கால் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் சுகம், கால் எப்படி என்று பின்னால் சொல்கிறேன். உன்னையும் மாப்பிள்ளை ரதீஷையும் அந்த லீட்ஸ் குளிரிலும் வேலையிலும் ஒரு தலைவலிகூட இல்லாமல் காப்பாற்றித் தர வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு தோறும் வீடியோவில் முகம் பார்க்கிற அம்மா எதற்குக் காகிதம் எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் எனக்குப் பொய் வருகிறது மக்களே. உன் முகத்தைப் பார்த்ததும் நினைத்து வைத்தது ஒன்று, வாயில் வருவது ஒன்று. முப்பத்தொரு வருஷம் அங்கன்வாடியில் ரெஜிஸ்டர் எழுதின கை இது, எழுதும்போது பொய் எழுதக் கூசும். அடுத்த வீட்டு ஐயப்பன் ஆட்டோவை எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புவான். அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது, அந்தத் தைரியத்தில்தான் எல்லாவற்றையும் எழுதுகிறேன். கடைசி வரி வரை படிக்காமல் போன் பண்ணாதே.

முதலில் மற்ற விசேஷங்கள். மழை விட்டபாடில்லை, ஆறு படித்துறையின் மேல்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் நல்லபடியாக முடிந்தது. நம் கொல்லைச் செவ்வாழைக் குலையைக் கொடுத்தனுப்பினேன், அதை யார் ஏலத்தில் எடுத்தது தெரியுமா, தெருக்கோடி ஞானபாயின் மருமகள். நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த குலை இப்போது ஞானபாய் வீட்டு உத்தரத்தில் தொங்கிப் பழுக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தாலும் அவளுக்கு யோகம் குறையவில்லை. மகன் பக்கத்து அறையில், மருமகள் கூப்பிடு தூரத்தில், பேரப்பிள்ளை கால்மாட்டில். பாதிரியார் வந்தால்கூட அவள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு என் வீட்டில் ஜெபம் மட்டும் பண்ணுகிறார். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், உன் அம்மா எப்படிப்பட்ட பொறாமைக்காரி என்று நீ முதலிலேயே தெரிந்துகொண்டால் மேற்கொண்டு சொல்லப்போவது உனக்கு அவ்வளவு ஆச்சரியமாக இருக்காது.

உன்னுடைய மிசஸ் ஹார்ட்லியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயசானவர்களைப் பார்த்துக்கொள்ள நீ அங்கே நாலு வீடு ஏறி இறங்கினாலும் என்னிடம் பேசுவது அந்த ஒருத்தியைப் பற்றித்தான். அவளுக்கு முட்டை எத்தனை நிமிஷம் வேக வேண்டும் என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும், செத்துப்போன புருஷனுக்கு எந்த நிறத் தொப்பி பிடிக்கும், எல்லாம் தெரியும். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் பரவாயில்லை என்று ஒரு வார்த்தை. அவளுடைய தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு ஒரு படம் அனுப்பினாயே, நீ பின்னால் நின்று அவள் வெள்ளை முடியைச் சீவிவிடுகிறாய், அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். எல்லாருக்கும் காட்டச் சொல்லி அனுப்பினாய். நான் ஒருத்திக்கும் காட்டவில்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கி உன் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் தலையில் அந்த விரல் பட்டு ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஊர் கவுன்சில் அவள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை ஆள் அனுப்புகிறது என்று பெருமையாகச் சொன்னாய். அங்கே உள்ள சர்க்கார் தன் கடமையைச் செய்கிறது, நல்லதுதான், ஆனால் செய்வது என் மகளை வைத்து. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒருநாள் முழங்கால் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தபடியே அவளுக்காக ஜெபம் பண்ணினேன். சாக வேண்டும் என்று இல்லை, அவ்வளவு மோசமானவள் இல்லை நான். வேறு நல்ல பெண்ணாக ஒருத்தி அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீடு வீடாகப் போய் முடியாதவர்களைப் பார்க்கிற நம் வார்டு பாலியேட்டிவ் நர்ஸ் ஸ்ரீலக்ஷ்மி, அக்ரஹாரத்துப் பெண், ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய் ஜீப்பில் வந்து என் கால் புண்ணைக் கழுவிக் கட்டி, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள் என்று உனக்குத் தெரியும். நடுவில் வார்டு ஆஷா பணியாளர் வந்து எட்டிப் பார்ப்பாள். ஒரு பைசா கிடையாது, எல்லாம் சர்க்கார் செலவு. ஜூன் மாதத்தில் நீ ஒரு வார்த்தை சொன்னாய், உனக்கு ஞாபகம் இருக்காது. அங்கே உன்னை நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கிறாள், அதனால் எனக்கு நிம்மதி அம்மா, கிறிஸ்துமஸுக்கு இந்த வருஷம் வரவில்லை, மிசஸ் ஹார்ட்லிக்கு என்னைத் தவிர வேறு யார் ஊட்டினாலும் இறங்குவதில்லை என்றாய். நான் சரி மக்களே என்றேன். போனை வைத்த பிறகுதான் அது உள்ளே போய்க் குத்தியது. அந்த நர்ஸ் வருகிறாள் என்பதால் நீ வரவில்லை. அவள் வராவிட்டால் நீ வருவாய். நாலும் மூன்றும் ஏழு என்பதுபோல அவ்வளவு சுலபமாக எனக்குத் தோன்றியது.

செப்டம்பரில் ஸ்ரீலக்ஷ்மி ரெஜிஸ்டரைப் புதுப்பிக்க வந்தாள். அதில் நோயாளியைக் கவனிக்க வீட்டில் ஆள் உண்டா என்று ஒரு கட்டம் இருக்கும். ரெஜிஸ்டரின் குணம் எனக்குத் தெரியாதா, எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் பெயர் எங்கே போகும் என்று எனக்கு அத்துப்படி. மகள் இங்கிலாந்து வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வருகிறாள், நர்ஸ் படித்தவள், இனிமேல் அவளே பார்த்துக்கொள்வாள், என் பெயரை வெட்டிவிட்டு இல்லாதவர்களுக்குக் கொடு என்று சொன்னேன். அந்தப் பெண் ஒரு சந்தேகமும் படவில்லை. ஷாலு வராளா டீச்சர், ரொம்ப சந்தோஷம், கேட்டேளா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் கவனித்துக்கொள்வார் என்று எழுதினாள், நான் கீழே கையெழுத்துப் போட்டேன். என்னுடைய கையெழுத்து எவ்வளவு அழகு என்று எல்லாரும் சொல்வார்கள், அன்றைக்கும் அழகாகத்தான் விழுந்தது. அடுத்த ஞாயிறு நீ போன் பண்ணியபோது, சர்க்கார் நர்ஸை நிறுத்திவிட்டார்கள் மக்களே, என் பெயரை வெட்டிவிட்டார்கள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, நான் ஏதாவது பண்றேன் அம்மா, நீ கவலைப்படாதே என்றாய். நீ டிக்கெட் எடுக்கப்போகிறாய் என்று நான் நினைத்தேன். மறுநாளே உன் மெத்தையை வெயிலில் போட்டேன்.

டிக்கெட் வரவில்லை. ஏஜென்சிப் பெண் ஒருத்தியை வைக்கட்டுமா என்று கேட்டாய், வேண்டாம் என்றேன். அதற்குள் என் செவ்வாய்க்கிழமை ஞானபாய்க்குப் போய்விட்டது. நர்ஸ் வருவது அவளுக்கு மாதத்துக்கு ஒன்றாக இருந்தது எனக்கு வெட்டியதில் இரண்டாக ஆயிற்று. காலை பத்தரைக்கு ஜீப் தெருவில் திரும்புகிற சத்தம் கேட்கும், நான் ஜன்னலில் இருப்பேன். அது நம் வாசலில் வேகம் குறைக்காமல் தெருக்கோடிக்குப் போகும். அவளுக்குக் காற்றடைத்த மெத்தை வந்தது, முதுகுப் புண் ஆறியது, சிரிக்கிறாள் என்று ஆஷா சொன்னாள். நானே கொடுத்ததுதான், எனக்கே வயிறு எரிந்தது. இங்கே என் காலை நானே கழுவினேன். குனிய முடியவில்லை, பெருவிரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்தேன். பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். வாடை வந்த பிறகு சாம்பிராணி போட்டேன். ஞாயிறு தோறும் போனைக் கழுத்துக்கு மேலேயே பிடித்துக்கொண்டேன், நீ காலைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்வாய், ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அங்கே பார்க்கிறார்கள் என்று மறுபடி நிம்மதியாகிவிடுவாய் என்ற பயம்.

போன வியாழக்கிழமை மத்தியானம் ஸ்ரீலக்ஷ்மி வந்தாள். ஜீப் இல்லை, பஸ்ஸில் வந்து இறங்கிக் குடையோடு நின்றாள். அவளுக்கு லீவு நாள். உள்ளே வந்து பேச வாயெடுத்தவள் மூக்கைச் சுருக்கினாள், என்ன டீச்சர் வாடை என்றாள், நான் எலி செத்துக் கிடக்கும் என்றேன். அவள் நேராகப் போர்வையை விலக்கிவிட்டாள். அய்யோ, இப்படி ஆயிடுத்தே என்று ஒரே வார்த்தை. பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கழுவினாள். கறுத்துப்போனதை வெட்டியெடுத்தாள், இது என் கையில நிக்காது டீச்சர், டாக்டர் பார்த்தே ஆகணும், இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா விரல் போயிருக்கும் என்றாள். கட்டி முடித்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். ஒரு காகிதம் எடுத்து நீட்டினாள். நீ இணையத்தில் போட்ட புகார். இங்கிலீஷில் இருந்ததை அவளே தமிழில் சொன்னாள். அரசாங்கம் என் அம்மாவைக் கைவிட்டுவிட்டது, சம்பந்தப்பட்ட நர்ஸ் எந்தக் காரணமும் சொல்லாமல் பெயரை நீக்கிவிட்டார், அவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். தன்னைப் பற்றி எழுதினதைத் தானே மொழிபெயர்த்துச் சொன்னாள் மக்களே, குரல்கூட மாறவில்லை.

வீட்டாரை ஒரு வார்த்தை கேட்டு உறுதிப்படுத்தாமல் பெயரை நீக்கியது ஏன் என்று இருபதாம் தேதிக்குள் அவள் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் வேலை கான்ட்ராக்ட், டிசம்பரோடு முடிகிறது, புதுப்பிக்கும்போது இந்தக் காகிதம் மேலே கிடந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம். ஏன் ஷாலுவைக் கேட்காமல் இருந்தாய் என்று நானே கேட்டேன், பார் என் வாயை. டீச்சர் சொன்னா போறாதான்னு விட்டுட்டேன் என்றாள். அப்புறம் கழற்றி வைத்திருந்த கையுறையைச் சுருட்டிக்கொண்டே, நீங்க பொய் சொன்னேள்னு நான் எழுதிக் குடுத்தா தப்பிச்சுடுவேன் டீச்சர், ஆனா கை வரமாட்டேங்கறது, ஏன் அப்படிச் சொன்னேள்னு மட்டும் சொல்லுங்கோ என்றாள். நான் சொன்னேன். மிசஸ் ஹார்ட்லியின் முட்டை முதல் எல்லாம் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். நாளை காலை ஐயப்பன் வண்டியில் டாக்டரிடம் போக வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, ஜன்னல் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் போனேன். டாக்டர் விரல் பிழைத்துவிடும் என்றார், ஊசி போட்டார், தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்றார். டாக்டர் இருந்த அதே ஹெல்த் சென்டரில் மெடிக்கல் ஆபீசரைப் பார்த்து, பெயரை வெட்டச் சொன்னது நான், பொய் சொன்னது நான், நர்ஸ் மேல் தவறு இல்லை என்று என் கைப்பட இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வெளியே இருந்த ஆட்கள் எல்லாம் கேட்கும்படிதான் பேச வேண்டியிருந்தது, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கூட்டத்தில் ஞானபாயின் மருமகளும் இருந்தாள், இருக்கட்டும். அவர் வாங்கிப் படித்துவிட்டு, டீச்சரே, இது நான் கோப்பில் வைக்கிறேன், ஆனால் புகார் போட்டது உங்கள் மகள், அவர் எழுதி முடித்துவைத்தால்தான் மேலே உள்ளவர்கள் விடுவார்கள் என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். என் எழுத்து போதாது ஷாலு, உன் எழுத்து வேண்டும். இருபதாம் தேதிக்கு முன்னால் வேண்டும். அம்மா பொய் சொன்னாள், நான் விசாரிக்காமல் எழுதிவிட்டேன் என்று எழுது. அம்மாவுக்கு மறதி என்று எழுதி என்னைத் தப்பிக்க வைக்காதே, எனக்கு ஒரு மறதியும் கிடையாது.

நீ எழுதினதில் ஒரு பாதி சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயசானவர்களையும் முடியாதவர்களையும் பார்ப்பது சர்க்கார் கடமைதான், யாரும் போடும் பிச்சை இல்லை. அந்தக் கடமைக்காகச் சம்பளம் என்றுகூடச் சொல்லாமல் ஹானரேரியம் வாங்கிக்கொண்டு முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளை எடை போட்டவள் நான், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு நர்ஸ் இத்தனை வீடு எப்படிப் பார்ப்பாள் என்று எழுது, என் பெயரை வெட்டினால்தானா ஞானபாய்க்கு இரண்டாவது செவ்வாய் கிடைக்க வேண்டும் என்று கேள், வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பெண்களைப் பயமுறுத்தி வேலை வாங்காதீர்கள் என்று எழுது. அதற்கு நானும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீ சர்க்கார் என்று நினைத்துக்கொண்டு கல்லை எறிந்தாய், அது பட்டது பஸ்ஸில் குடையோடு வந்து இறங்கின ஒருத்தி மேல். அங்கே உன் பேரில் யாராவது ஒரு மகன் இப்படி எழுதினால் உனக்கு எப்படி இருக்கும்.

இன்னொன்றும் உண்டு, இதை ஸ்ரீலக்ஷ்மியிடம் சொல்லவில்லை, அவளுக்கு ஞாபகமும் இருக்காது. உனக்கு நாலு வயசு, அவளுக்கு மூன்று. அவள் அம்மா அப்போது நோயாகக் கிடந்ததால் அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் போனதும் அழ ஆரம்பிப்பாள், மடியைவிட்டு இறங்க மாட்டாள். ஒரு கையால் பயறு கிண்டுவேன், மறு கையில் அவள். மற்றப் பிள்ளைகள் ஏங்கிப் போவார்கள் என்று உன்னை அங்கே அம்மா என்று கூப்பிட விடமாட்டேன், டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும், வாசல் கேட்டைத் தாண்டினால் நீயும் பத்தொன்பது பிள்ளைகளில் ஒருத்தி. மேலதிகாரிகள் யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானே போட்ட சட்டம், அதில் எனக்கு ஒரு பெருமை. ஒருநாள் நீ போய் அவள் கையைக் கடித்துவிட்டாய், என் மடியில் இருந்தபோதே. ரத்தம் வரவில்லை, பல் பதிந்தது. எல்லார் முன்னாலும் உன் தொடையில் ஒரு அடி வைத்தேன், ஸாரி டீச்சர் என்று சொல்ல வைத்தேன். அன்று மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் தூங்கின பிறகு நீ பாயைவிட்டு எழுந்து வந்து என் காதில் ரகசியமாக அம்மா என்று கூப்பிட்டாய். நான் கண்ணை உருட்டி, டீச்சர் என்று திருத்தினேன். நீ திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாய். அதை அன்றைக்கே மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். வியாழக்கிழமை அவள் என் காலைப் பிடித்துக் கழுவியபோது, அந்தக் கையைப் பார்த்ததும் வந்துவிட்டது. உனக்கு அப்போது என்னவெல்லாம் எரிந்திருக்கும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும் மக்களே. மிசஸ் ஹார்ட்லியின் கை என் வாய்க்கு எட்டாமல் போனது அவளுடைய நல்ல காலம்.

கிறிஸ்துமஸுக்கு வராதே என்று சொல்லும் அளவுக்கு நான் நல்லவள் ஆகிவிடவில்லை. வா என்றும் சொல்ல மாட்டேன். அவளுக்கு உன் கையால்தான் இறங்குகிறது என்றால் இறங்குகிற வரை ஊட்டு. ஆனால் அவளிடம் ஒன்று சொல்லிவிடு, இந்தப் பெண்ணைக் கரமனையில் ஒருத்தி இரவல்தான் கொடுத்திருக்கிறாள், தானமாகக் கொடுக்கவில்லை என்று. இனிமேல் படம் அனுப்பினால் அவளை மட்டும் தனியாக எடுத்து அனுப்பு, உன்னைத் தனியாக எடுத்து அனுப்பு. என் பெயரை மறுபடி ரெஜிஸ்டரில் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் வரிசையில் கடைசி, எனக்கு முன்னால் ஆறு வீடு. அதுவரை கட்டு மாற்ற தினமும் ஐயப்பன் வண்டியில் போய் வரிசையில் உட்காருகிறேன். எனக்கு அது வேண்டியதுதான்.

முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொள், ஆளைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, காலுறை ஈரமாக இருந்தால் உடனே மாற்று, காலை அலட்சியம் பண்ணாதே, அதற்கு என்னைப் பார்த்தால் போதும். ரதீஷைச் சாயங்காலச் சோற்றை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும், உங்கள் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும், அந்த வயசான அம்மாளுக்கும் வலியில்லாத நாட்களைக் கொடுக்கட்டும், இந்தக் கடைசி ஜெபத்தை மனசாரத்தான் எழுதுகிறேன், பாதி மனசாவது. இருபதாம் தேதியை மறந்துவிடாதே. ஸ்ரீலக்ஷ்மிக்குத் தனியாக நாலு வரி எழுது. எல்லாம் எழுதி அனுப்பின பிறகு எனக்குப் போன் பண்ணு, திட்ட வேண்டியதை எல்லாம் திட்டு, நான் குறுக்கே பேச மாட்டேன். திட்டுவதற்கு முன்னால் மட்டும் ஒரே ஒரு தடவை, ரகசியமாக இல்லாமல் சத்தமாக, என்னைக் கூப்பிடு.

இப்படிக்கு,
டீச்சர் இல்லை, உன் அம்மா,
லீலாபாய்